‘வருவார்’ எல்லாம் ‘வில் கம்’ அல்ல

மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் அடிக்கடி திருத்தும் பிழை ஒன்று உண்டு. "அப்பா தினமும் எட்டு மணிக்கு வருவார்" என்பதை "ஃபாதர் வில் கம் டெய்லி" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் எதிர்கால வினை, வழக்கமாக நடப்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் வழக்கத்திற்கு நிகழ்காலமே வரும்: "ஃபாதர் கம்ஸ் அட் எய்ட் எவ்ரி டே."

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ‘செய்வான்’ என்பதில் ‘வ்’, ‘உண்பான்’ என்பதில் ‘ப்’ ஆகிய இடைநிலைகள் எதிர்காலத்தைக் காட்டுகின்றன. ஆங்கில வினைக்குள் அத்தகைய இடைநிலை இல்லை. ரயில்வேயில் இருந்தவன் ஆதலால் இப்படிச் சொல்வேன்: பெட்டி தானாக ஓடாது, முன்னால் எஞ்சின் வேண்டும். ‘வில்’ என்பதே அந்த எஞ்சின். பெட்டியின் வடிவம் மாறாது. ‘வில் கோ’ சரி. ‘வில் கோஸ்’, ‘வில் வென்ட்’, ‘வில் டு கோ’ மூன்றும் தவறு.

இனி, நினைவில் வைக்க வேண்டியவை:

1. பேசும்போதே எடுத்த முடிவுக்கு ‘வில்’: "ஐ வில் ஹெல்ப் யூ." முன்பே எண்ணி வைத்ததற்கு ‘கோயிங் டு’: "ஐ ஆம் கோயிங் டு பை எ சைக்கிள்."

2. கால அட்டவணைப்படி நடப்பதற்கு நிகழ்காலமே போதும்: "த டிரெயின் லீவ்ஸ் டுமாரோ."

3. ‘இஃப்’, ‘வென்’ தொடங்கும் நிபந்தனைப் பகுதியில் ‘வில்’ வராது: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்."

4. ஒப்பந்தங்களில் ‘ஷால்’ என்றால் பொதுவாகக் கட்டாயம். ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

கடைசி விதி பரீட்சைக்கு மட்டுமல்ல. தாராவிச் சீரமைப்புத் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு வருகிறது; வீடு பற்றிய காகிதம் எதுவானாலும் நம்மவர்கள் பதறிப்போகிறார்கள். அங்கிருந்து ஒருவர் ஆங்கிலக் காகிதம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். "வீடு கிடைக்கும்னு பையன் படிச்சுச் சொன்னான், சார்" என்றார். அதில் இருந்ததோ ‘வில் பி கன்சிடர்ட்’. பரிசீலிப்போம் என்பதுதான் அதன் பொருள், கொடுப்போம் என்பதன்று. மறுநாளே அவர், எழுத்தில் தெளிவான பதில் கேட்டு மனு கொடுத்தார்.

பெற்றோர்களே, கையெழுத்திடும் முன் பிள்ளைகளிடம் அந்த வினைச்சொல்லை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள்.