என்ன எழுதப்பட்டது? யார் பொறுப்பு? – கொரோனா காலம் நமக்குத் தந்த பாடம்



2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டு, நமக்கு அருகிலுள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களின் பயம் இப்போது இல்லை. ஆனால் அன்று வஃபாத்தானவர்களின் குடும்பங்கள் சிலவற்றுக்கு உதவி கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். என்ன எழுதப்பட்டது? இழப்புக்குப் பொறுப்பேற்பவர் யார்? அடுத்த நோய்க்காலம் வருமுன் இந்த இரண்டையும் குடும்பத்தோடு உட்கார்ந்து புரிந்துகொள்வது நல்லது.

பதிவு இல்லையெனில் கணக்கும் இல்லை

2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழக அரசு கொரோனா கணக்கில் சேர்த்தது. பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அமைக்கப்பட்ட குழு அவற்றைக் கண்டறிந்தது. அந்த 444 பேரும் ஏற்கெனவே அடக்கமோ தகனமோ செய்யப்பட்டவர்கள். ஒரு பதிவேட்டில் இருந்த பெயர் மற்றொன்றில் இல்லை, அவ்வளவுதான். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, எங்கே படுக்கைகள் தேவை என்று அரசு முடிவெடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆகவே ஒரு மரணம் விடுபட்டால் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கே நஷ்டம்.

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் தர வழிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி ஒரு மரணத்துக்கு ரூ.50,000 என்று முடிவானது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம், வீட்டில் நேர்ந்திருந்தாலும், கொரோனா மரணமாகக் கருதப்படும். விபத்து, விஷம் போன்றவற்றால் நேர்ந்தவை சேராது. இறப்புச் சான்றிதழில் காரணம் வேறாக எழுதப்பட்டிருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்ற வழியும் இருந்தது.

இதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒரே தெருவில் இரண்டு பெரியவர்கள் மூச்சுத் திணறி மவ்த்தாகிறார்கள். ஒருவர் வீட்டில் பரிசோதனைச் சீட்டும் மருத்துவமனைச் சீட்டும் இருக்கின்றன. மற்றவர் வீட்டில் எதுவுமே இல்லை. முதல் குடும்பம் மனு கொடுத்து நிற்க முடியும். இரண்டாவது குடும்பத்துக்குச் சொல்ல வார்த்தை உண்டு, காட்டக் காகிதம் இல்லை.

விண்ணப்பிக்கவும் கெடு இருந்தது. 2022 மார்ச் 20-க்கு முன் நேர்ந்த மரணங்களுக்கு 60 நாட்களும், பின்னர் நேர்ந்தவற்றுக்கு 90 நாட்களும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சில மாநிலங்களில் பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பணம் கேட்டதாகப் புகார் வந்தபோது, மனுக்களில் ஒரு பகுதியைச் சரிபார்க்கவும் உத்தரவிட்டது. பொய்ப் பதிவு எழுதுபவர் உண்மையான விதவையின் மனுவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார் என்பதை மறக்கக் கூடாது.

பொறுப்பேற்பவர் யார்?

அம்பத்தூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் வேலை செய்பவர்கள் நம் குடும்பங்களில் பலர். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. கொரோனாவால் இறந்த காப்பீட்டுத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, அவருடைய சராசரி தினக்கூலியில் 90 சதவீத அளவில் மாதாந்திர உதவி தரும் திட்டத்தை இ.எஸ்.ஐ. கழகம் 2021-இல் அறிவித்தது. ஆனால் நோய் கண்டறியப்படுவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தாவும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயரைச் சேர்க்காமலே வேலை வாங்கியிருந்தால், உழைத்தது உண்மையாக இருந்தும் பதிவு இல்லாமல் போகும்.

2020 ஜூலையில் காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த 'கொரோனா ரக்ஷக்' பாலிசியில், தொற்று உறுதியாகி 72 மணி நேரம் மருத்துவமனையில் இருந்தால்தான் பணம். சேர்ந்த நேரமும் வெளியேறிய நேரமும் டிஸ்சார்ஜ் சீட்டில் எப்படி எழுதப்பட்டன என்பது அங்கே பெரிய விஷயமானது. பாலிசி எடுப்பது பற்றி மார்க்க ரீதியாக ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தை அரசே செலுத்துகிறது, குடும்பம் எதுவும் கட்டுவதில்லை. 2021 மே மாதம் அரசு பிறப்பித்த உத்தரவால், இந்த அட்டை இருந்தவர்கள் தனியார் மருத்துவமனைகளிலும் கொரோனா சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்த முடிந்தது. அட்டையை முன்பே எடுத்து வைத்திருந்தவர்கள் அந்த நெருக்கடியில் அலுவலகம் தேடி அலையவில்லை.

தடுப்பூசியிலும் இதே கேள்விதான் எழுந்தது. ஊசியால் யாருக்காவது பாதிப்பு வந்தால் இழப்பீடு தருவது நிறுவனமா, அரசா? ஃபைசர், மாடர்னா நிறுவனங்கள் வழக்குப் பொறுப்பிலிருந்து தங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டன. அது தீராததால் மாடர்னா ஊசிக்கு 2021 ஜூன் மாதம் அனுமதி கிடைத்தும் அது நம் மக்களுக்கு வந்து சேரவில்லை. பொறுப்பு யாருக்கு என்ற ஒரு வரி, எந்த ஊசி நம் தோளில் ஏறும் என்பதையே தீர்மானித்தது. சிங்கப்பூரில் கடுமையான பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கு உதவ அரசே நிதித் திட்டம் வகுத்தது. இந்தியாவில், பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்கு நீதிமன்றத்தை நாடலாம் என்று மத்திய அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஊசியால் கடும் பாதிப்பு மிக அரிது, அது காத்த உயிர்களோ ஏராளம். ஆனாலும் அந்த அரிதான ஒருவர் வழக்காடவும் ஊசிச் சான்றும் மருத்துவமனைப் பதிவும்தான் தேவை.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

1. பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் 'முஹம்மது', ரேஷன் அட்டையில் 'முகமது', மருத்துவமனையில் 'மொகமத்' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய நேரிடும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே ஆதாரைப் பார்த்துப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

2. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குள் செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். கிராமப் பகுதியில் வீட்டில் நேர்ந்த மரணத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். மனைவி இத்தாவில் இருப்பார் என்பதால், இந்தப் பொறுப்பை மகனோ சகோதரனோ அன்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். இத்தா முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடும்.

3. மையவாடிப் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, மவ்த்தான தேதியும் இடமும், அடக்கம் செய்த தேதி ஆகியவற்றை ஜமாஅத் நிர்வாகம் தவறாமல் எழுத வேண்டும். குடும்பமும் ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

4. பரிசோதனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, ஊசிச் சான்று அனைத்தையும் ஒரே பையில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டி வந்தது. ஏரிக்கரை ஊர்க்காரர்களாகிய நமக்கு அது தெரியாததல்ல. தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

5. ஆலையில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பங்கள், நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை நாம் அறிவோம். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. நமக்குப் பின் நிற்கும் விதவைக்கும் எத்தீமுக்கும் சேர வேண்டியதைக் காக்கும் அமானிதம் அது. இந்த வாரம் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்கி, வீட்டிலுள்ள காகிதங்களை எடுத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்துப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் நோய்நொடியிலிருந்து காப்பானாக. ஆமீன்.