நிறுத்தும்போது நிதானம்

உயரமும் கனமும் கொண்ட மோட்டார் சைக்கிள், ஓடும்போது எளிதில் சாய்வதில்லை. நிற்கப்போகும் கடைசி ஓரடியிலேதான் சாய்கிறது. ஆதலின், நிறுத்துமுன் நாம் தரையைப் பார்த்தல் வேண்டும். சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். இடப்புறமாகச் செல்லும் நம் மலேசிய நாட்டில், ஊன்றும் இடக்காலுக்கே பள்ளம் வாய்க்கும். ஆகவே, சரளைக்கல் இல்லாத சமதரையைத் தேர்ந்து, கைப்பிடியை நேராக்கி, முன் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பின் பிரேக்கினால் நிறுத்துவோம். கைப்பிடி திரும்பியிருக்கையில் முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி அப்பக்கமே சரியும். வலக்கால் பின் பிரேக்கில் இருக்க, சற்று இடப்புறம் நகர்ந்து அமர்ந்து, இடக்காலை முழுதாக ஊன்றுவோம். இரு கால்களின் விரல்நுனியை நம்புதல் தகாது. மீறிச் சரிந்தால், இழுத்துப் பிடிக்க முயலாமல் விலகிவிடுவோம். வண்டியைச் செப்பனிடலாம், பால்மரம் சீவச் செல்லும் கால் முறிந்தால் குடும்பமே முடங்கும்.