உப்புக்காற்று வீட்டில் எண்ணெய் ஓவியம்: பயனுள்ள குறிப்புகள்

இரும்புக் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று தூத்துக்குடியில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கும் அதே காற்றுதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முன்னறைக்கு ஒரு பெரிய கடல் ஓவியத்தின் கைவரை நகலை வாங்கி மாட்டும் ஆசை இப்போது நம் ஊரிலும் வந்திருக்கிறது. அதிகம் கேட்கப்படுபவை இரண்டு: ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி 1850-இல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’, இங்கிலாந்தின் டர்னர் 1839-இல் காட்சிக்கு வைத்த ‘டெமரேர்’ கப்பல். வாங்குவதற்கு முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை இவை.

1. அளவைச் சொல்லும்போது மூலத்தின் விகிதத்தைப் பாருங்கள். ‘ஒன்பதாம் அலை’ 221 செ.மீ. உயரம், 332 செ.மீ. அகலம். 2 அடிக்கு 3 அடி என்று சொன்னால் அப்படியே பொருந்தும். சோபாவின் நீளத்துக்காக 2-க்கு 4 கேட்டால் வானத்தையோ அலையையோ வெட்டித்தான் தருவார்கள். இந்தப் படத்தில் இரண்டும் வேண்டும். 2-க்கு 3-ஐவிடச் சிறிதாகவும் வேண்டாம், உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதர்கள் வெறும் கறுப்புப் பொட்டுகளாகிவிடுவார்கள். ‘டெமரேர்’ 90.7-க்கு 121.6 செ.மீ., அதாவது 3-க்கு 4. அதற்கு 18-க்கு 24 அங்குலமோ 30-க்கு 40 அங்குலமோ சரி.

2. எந்தப் படம் என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘ஒன்பதாம் அலை’ கப்பல் உடைந்த மறுநாள் விடியல். நம் ஊரைப் போலவே அந்தப் படத்திலும் கடலுக்கு மேலே சூரியன் எழுகிறது. ஆனால் கீழே உயிருக்குப் போராடுகிறார்கள். மீன்பிடிக்கவோ சங்கு குளிக்கவோ ஆள் போகிற வீட்டில், அவர் திரும்பும் வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று யோசிக்க வேண்டும். இது சகுனம் பார்க்கிற பேச்சில்லை, மனசு சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு டர்னர் நல்லது. தண்ணீர் அமைதி, அந்தி வெளிச்சம். 1805 டிரஃபால்கர் போரில் நின்ற பாய்க்கப்பலை 1838-இல் ஒரு சிறிய நீராவிக் கப்பல் உடைப்பதற்கு இழுத்துப் போகிறது. தோணிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். (உண்மையில் அந்தப் பயணத்துக்கு முன்பே கப்பலின் பாய்மரங்களைக் கழற்றிவிட்டார்கள். டர்னர்தான் மரியாதைக்காகத் திரும்ப நட்டு வைத்தார்.)

3. கையால் வரைந்ததா, அச்சா என்று பாருங்கள். கேன்வாஸில் அச்சடித்து, அதன்மேல் கண்ணாடிப் பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டு, ‘கைவேலை’ என்று விற்பவர்கள் உண்டு. முத்து பார்க்கும் லென்ஸ் வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். அச்சு என்றால் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். லென்ஸ் இல்லையென்றால் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். நுரையின் வெள்ளையும் தூரிகைத் தடத்தின் மேடும் ஒரே போக்கில் ஓட வேண்டும். நிறம் ஒரு பக்கம், தடம் ஒரு பக்கம் போனால் அது பசை.

4. “நாலே நாளில் அனுப்புகிறோம்” என்பவரிடம் ‘ஒன்பதாம் அலை’ வாங்காதீர்கள். அந்த ஓவியத்தின் உயிரே அலையின் உச்சியில் ஊடுருவி வரும் பச்சை வெளிச்சம். மெல்லிய பூச்சு ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று ஏற்றினால்தான் அது வரும். ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே மூச்சில் தீட்டினால் அலை பச்சைச் சுவராகத்தான் நிற்கும். குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, பாதி வேலையில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். டர்னருக்குச் சோதனை வேறு: சூரியன் இருக்கும் பக்கம் வண்ணம் தடிப்பாகவும், கப்பலின் கயிறுகளும் மரங்களும் மெல்லிசாகவும் இருக்க வேண்டும்.

5. இணையத்தில் தேடும் முன் மாவட்டத்துக்குள்ளேயே விசாரியுங்கள். உலகச் சந்தைக்கு நகல்கள் வருவது பெரும்பாலும் சீனாவின் ஷென்ழென் நகரத்து டாஃபென் பகுதியிலிருந்து. ஆனால் நம் கோவில்பட்டிக்கு இதில் பழைய உறவு உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைய வந்து அங்கேயே தங்கிவிட்ட சி. கொண்டைய ராஜு (1898–1976), சீடர்களோடு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாம் காலண்டராகத் தொங்கின. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்த போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் சுற்று வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்குவதில் அவர்களுக்குக் கை பழகியிருக்கும். ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: எனாமல் பெயின்ட் கூடாது, ஓவியர்கள் பயன்படுத்தும் டியூப் எண்ணெய் வண்ணம்தான் வேண்டும். எனாமல் சீக்கிரம் மஞ்சளாகி வெடிக்கும். கேன்வாஸையும் வண்ணத்தையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை. வேலை பிடித்திருந்தால் அவரிடமே ஒரு தோணியோ முத்துக்குளிப்போ வரையச் சொல்லலாம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபமே நடக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் யாராவது பார்த்திருந்தால் வரைபவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

6. டர்னரும் ஐவசோவ்ஸ்கியும் இறந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆகவே வரையலாம், மாட்டலாம். மூல ஓவியரின் கையெழுத்தை மட்டும் நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். வரைந்தவர் தன் பெயரையும் தேதியையும் பின்புறம் எழுதட்டும்.

7. சுருட்டி வரும் பார்சலில் வண்ணம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.

8. சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது பக்கத்தில் நின்று ஆணியைப் பாருங்கள். சாதாரண இரும்பு ஆணி இந்தக் காற்றில் சீக்கிரமே துருவைக் கேன்வாஸுக்குள் இறக்கிவிடும். பிறகு ஓரம் மக்கிக் கிழியும். செம்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதுவும் சரி. மாட்டும் கொக்கிக்கும் கம்பிக்கும் இதேதான். உள்சட்டம் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். மரத்தூள் அட்டை மலிவு, ஆனால் வாடைக் காற்று மாதங்களில் ஈரம் குடித்து ஊதும், கரையானுக்கும் விருந்து. மூலைகளில் ஆப்பு வைத்த சட்டம் கிடைத்தால் கேன்வாஸ் தொய்ந்தபோது லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

9. முகத்தைவிட முதுகை அதிகம் கவனியுங்கள். கடலோர வீட்டில் ஓவியம் கெடுவது பெரும்பாலும் பின்னாலிருந்துதான். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறைக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம். வீட்டுக்குள் இரண்டு அறைகளைப் பிரிக்கும் சுவர் நல்லது. ஃப்ரேமின் நான்கு மூலையிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கடைக்காரர் பின்புறம் பாலித்தீன் ஒட்டிக் கொடுத்தால் கிழித்துப் போடுங்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டை வைத்துத் தைத்தால் தூசியும் தடுக்கும், மூச்சும் விடும். ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெளியே நிழலில் வைத்து, காய்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

10. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம்.

11. இருட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது பீரோவுக்குப் பின்னால் சுற்றி வைத்தால் பத்திரம் என்று நினைப்போம். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சள் பூக்கும். ஐவசோவ்ஸ்கியின் விடியல் சோகை பிடித்தது போலாகிவிடும். மறுபடி வெளிச்சமான அறையில் சில வாரம் வைத்தால் பெருமளவு தெளியும். நேர் வெயில் மட்டும் படக் கூடாது.

12. பூஜை விளக்கு, மாதா படத்து மெழுகுவர்த்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாமே கரி கக்கும். சமையல் எண்ணெய் ஆவி இன்னும் மோசம், கச்சான் காற்றுப் புழுதியும் அதில் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஓவியத்துக்கு எதிர்ச் சுவரில் விளக்கு வையுங்கள், கீழே வேண்டாம்.

13. துடைப்பதற்கு மென்மையான, அகலமான காய்ந்த தூரிகை போதும், மேலிருந்து கீழே. ஈரத்துணி கூடாது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்றும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும் என்றும் சொல்வார்கள். முதலாவது பூஞ்சைக்குச் சாப்பாடு, இரண்டாவது தூசிக்குப் பசை. கண்ணாடி போட்டு மூடுவதும் தேவையில்லை. கண்ணாடி வண்ணத்தில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

14. வார்னிஷை அவசரப்பட்டு அடிக்காதீர்கள். தொட்டால் ஒட்டாவிட்டாலும் உள்ளே காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். மழைக்காலத்தில் அடித்தால் பால் தெளித்தது போல வெளுத்துப் போகும். மாசி, பங்குனியில் காற்றில்லாத ஒரு நண்பகல் பார்த்து, கழற்றி எடுக்கக்கூடிய ஓவிய வார்னிஷை மெல்லிசாக அடியுங்கள். கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் வேறு.

15. தரையில் சாய்த்து வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஓவியம் நனைந்துவிட்டால் உள்சட்டத்திலிருந்து பிரிக்காமல், வண்ணம் மேலே பார்க்க, நான்கு ஸ்டூல்களின்மேல் படுக்கையாக நிழலில் வையுங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம். மேலே செய்தித்தாள் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வண்ணம் செதிலாகத் தூக்கினால் கைவைக்கக் கூடாது. விலை உயர்ந்த ஓவியம் என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே ஆய்வுக்கூடம் உண்டு, யோசனை கேட்கலாம். சாதாரண நகலுக்கு அந்தச் செலவு கட்டாது. உள்சட்டத்தையும் ஃப்ரேமையும் மட்டும் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். அதே அளவில் வேறொன்று வரையச் சொல்லி அதிலேயே பொருத்திக்கொள்ளலாம்.