நெடுவழிக்கேற்ற ஊர்தி

முற்காலத்தில் உழவனுக்கு வயல் ஊரின் எல்லையில் இருந்தது. நெசவாளனுக்குத் தறி வீட்டினுள்ளேயே இருந்தது. குயவன் தன் வீட்டு முற்றத்திலேயே சக்கரத்தைச் சுழற்றினான். தொழில் செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் கூப்பிடு தொலைவில் அமைந்திருந்தமையால், நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று மீளவேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு எழவில்லை. இருப்புப்பாதையும் மோட்டார் வண்டியும் தோன்றிய பின்னர் இந்நிலை மாறியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. புறநகரில் குடியிருந்துகொண்டு நகரில் பணிபுரிதல் அதன்பின் எளிதாயிற்று. இன்றோ, தொழிற்சாலைகள் ஓரிடத்திலும் தொழிலாளர் குடியிருப்புகள் வேறோரிடத்திலும் அமைந்துள்ளன. ஆதலின், நாள்தோறும் எவ்வூர்தியில் சென்று மீள்வது என்னும் வினா பல குடும்பங்களில் எழுகின்றது.

காஞ்சிபுரத்தில் குடியிருந்து, திருப்பெரும்புதூரில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். சென்று மீள்வதற்கு நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் ஆகின்றது. விடுமுறை நாள்கள் நீங்கலாக ஆண்டில் 285 நாள்கள் அவர் பணிக்குச் செல்வாராயின், ஓராண்டில் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் பயணம் செய்வார். நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே, இரண்டே ஆண்டுகளில் அவர் உலகை ஒருமுறை வலம்வரும் தொலைவைக் கடந்துவிடுகின்றார்! ஒரு பகற்பொழுதில் கடைக்குச் சென்று வாங்கிவரும் ஊர்தியே அவரை இத்துணைத் தொலைவும் சுமந்து செல்லவேண்டும். எனவே, அதனைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருநாளைய விருப்பத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், ஆண்டுக்கணக்கான உழைப்பை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஆனால், பலர் இவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை. சிலர் வண்ணத்தைக் கண்டு மயங்குகின்றனர். சிலர் அண்டை வீட்டார் வாங்கியதையே தாமும் வாங்குகின்றனர். வேறு சிலர் விலைப்பட்டியலில் எது குறைவோ அதனைக் கேட்டு வாங்குகின்றனர். கடைத்தெருவிற்கு ஒருமுறை சென்று வருவதற்கு எவ்வூர்தியும் ஏற்றதே. நெடுவழிக்கு எல்லா ஊர்தியும் ஏற்றவை ஆகா. வாங்குவோர் வழி, செலவு, காலம், பாதுகாப்பு என்னும் நான்கினையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் நன்று.

முதலாவது, வழி. சொந்த ஊர்தி வாங்குவதற்கு முன்னர், அது தேவைதானா என்று பார்த்தல் வேண்டும். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குச் செல்வோர்க்குப் புறநகர் மின்சார இரயில் உண்டு. சீசன் டிக்கெட் எடுத்தவர் குறைந்த செலவில், நெருக்கடி மிக்க சாலையைத் தவிர்த்துச் சென்று வரலாம். வீட்டிலிருந்து நிலையம் வரையில் செல்வதற்கு ஒரு மிதிவண்டியே அவருக்குப் போதும். காஞ்சிபுரத்தின் வழியே செல்லும் இருப்புப்பாதையோ செங்கற்பட்டையும் அரக்கோணத்தையும் இணைப்பது. அது திருப்பெரும்புதூரைத் தொடுவதில்லை. ஆயினும், பேருந்துகள் உண்டு. தொழிலாளரை ஏற்றிச் செல்லத் தாமே பேருந்து அமர்த்தும் தொழிற்சாலைகளும் உண்டு. இவை தம் பணி நேரத்திற்குப் பொருந்துமா என்று முதலில் வினவியறிதல் வேண்டும். பொருந்துமாயின், ஊர்தி வாங்கும் பணம் முழுவதும் மிஞ்சும்.

இரண்டாவது, செலவு. ஊர்தியின் விலை ஒருமுறை கொடுப்பது. எரிபொருளின் விலையோ நாள்தோறும் கொடுப்பது. கணக்கிடுவதற்கு எளிதாகப் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்கு 400 லிட்டர் வேண்டும். அதற்கு 40,000 ரூபாய் ஆகும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் கார் அதே தொலைவிற்கு 1,250 லிட்டர் கொள்ளும். அதற்கு 1,25,000 ரூபாய் ஆகும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 30 கிலோமீட்டர் ஓடும் மின் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 670 யூனிட் போதும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டாலும் செலவு 5,400 ரூபாயை எட்டாது.

இக்கணக்கை மட்டும் கண்டு முடிவு செய்துவிடலாகாது. மின் ஸ்கூட்டரின் மின்கலம் ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தொலைவு ஓடும் என்பது முதன்மையானது. விளம்பரத்தில் காட்டப்படும் தொலைவு, விரைந்து செல்லும்போதும் இருவர் ஏறிச் செல்லும்போதும் குறைந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலத்தின் ஆற்றலும் குறையும். எனவே, நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் செல்பவர், மெய்யாகவே 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுத்தல் தக்கது. வீட்டில் மின்னேற்றும் வசதி உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். டயர், எண்ணெய், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் செலவுகளும் எல்லா ஊர்திகளுக்கும் உண்டு. மிகுதியாக ஓடும் ஊர்திக்கு இவை விரைவில் வந்து சேரும். செல்லும் வழியிலேயே நல்ல பழுதுபார்க்கும் நிலையம் இருப்பதும், உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதும் ஊர்தியின் விலைக்குறைவைக் காட்டிலும் மிகுந்த பயன் தருவன.

செலவைக் குறைப்பதற்கு வேறொரு வழியும் உண்டு. ஒரே ஊரிலிருந்து ஒரே தொழிற்சாலைக்குச் செல்லும் நண்பர் நால்வர் ஒரு காரில் கூடிச் சென்று, எரிபொருட் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதாகக் கொள்ளலாம். 1,25,000 ரூபாயை நான்கால் வகுத்தால் ஒருவர் பங்கு 31,250 ரூபாய். இது தனித்தனியே மோட்டார் சைக்கிளில் செல்வதற்கு ஆகும் 40,000 ரூபாயினும் குறைவு! சாலையில் நான்கு ஊர்திகள் செல்லும் இடத்தில் ஓர் ஊர்தியே செல்லும். மழையும் வெயிலும் அவர்களைத் தாக்கா. தனியொருவர்க்குச் செலவு மிகுந்ததாய்த் தோன்றும் கார், ஒற்றுமையினால் சிக்கனமுடையது ஆகின்றது.

மூன்றாவது, காலம். செல்வதற்கு ஒரு மணியும் மீள்வதற்கு ஒரு மணியும் ஆகுமாயின், 285 நாள்களில் 570 மணி நேரம் வழியிலேயே கழிகின்றது. இஃது ஏறத்தாழ 24 முழு நாள்களுக்குச் சமம். இரயிலிலோ பேருந்திலோ அமர்ந்து செல்பவர் அந்நேரத்தில் நூல் படிக்கலாம், கண்ணயரலாம். தாமே ஓட்டிச் செல்பவரோ ஒருகணமும் கருத்தைச் சிதறவிடலாகாது. 'விரைந்து சென்றால் நேரம் மிஞ்சுமே' என்று சிலர் எண்ணுவர். 35 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 35 நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 26 நிமிடத்திற்குச் சற்று மிகும். மிஞ்சுவது ஒன்பது நிமிடமும் நிரம்பாத காலமே. அந்தச் சிறு காலத்திற்காகக் கொடுக்கவேண்டிய விலை எத்தகையது என்பதைப் பாதுகாப்புக் கணக்கு காட்டும்.

நான்காவதாகிய பாதுகாப்பே ஏனைய மூன்றினும் தலையாயது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்பது இயற்பியல் கூறும் உண்மை. வேகம் இரு மடங்காயின், ஆற்றல் நான்கு மடங்காகும். தடையை அழுத்திய பின்னர் ஊர்தி நிற்பதற்கு வேண்டும் தொலைவும் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக உயர்த்தினாலே அத்தொலைவு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். அன்றியும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 17 மீட்டர் கடக்கின்றது. முன்னே செல்லும் லாரி நிற்பதைக் கண்டு, காலோ கையோ தடையைத் தொடுவதற்குள் அத்தொலைவு கழிந்துவிடுகின்றது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் தந்தையோ, தாயோ, மகனோ, மகளோ ஆவர். காரில் செல்வோரைச் சுற்றி எஃகுக் கூடு உண்டு. இருக்கைப் பட்டை உண்டு. வோல்வோ நிறுவனத்தின் பொறியாளராகிய நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை இருக்கைப் பட்டை 1959-ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. ஏனைய நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்துமாறு அந்நிறுவனம் இசைவு அளித்தது. அதனால் காப்பாற்றப்பெற்ற உயிர்கள் மிகப் பல. இருசக்கர ஊர்தியில் செல்பவர்க்கோ தலைக்கவசம் ஒன்றே பெருங்காப்பு. அதனை அணிதல் வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. அதன் வாரினை இறுகப் பூட்டாமல் அணிதல் அணியாமைக்கு ஒப்பாகும்.

மோட்டார் சைக்கிளே வேண்டும் என்னும் நிலை வருமாயின், அதனுள்ளும் தேர்வு உண்டு. சிறு சக்கரமுடைய வண்டி பள்ளத்தில் எளிதில் அமிழ்ந்து அதிரும். பெரிய சக்கரமுடையது அதனை எளிதில் கடக்கும். மிகச் சிறிய எஞ்சினை நெடுநேரம் முழு ஆற்றலில் ஓட்டுதல் கூடாது; நெடுஞ்சாலை வேகத்தில் அமைதியாக ஓடக்கூடியதையே கொள்ளுதல் நலம். தடையை வன்மையாக அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளுமாயின் வண்டி சறுக்கும். அதனைத் தடுக்கும் ஏபிஎஸ் என்னும் அமைப்பு, 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய இருசக்கர ஊர்திகளுக்கு 2019-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பெற்றது. கார் வாங்குவோர், 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் என்கேப் மோதல் தேர்வில் அக்கார் பெற்ற நட்சத்திர மதிப்பைக் கேட்டறிதல் தக்கது.

ஓட்டுபவரின் உடல்நிலையும் எண்ணத்தக்கதே. முதுகு வளைந்து நெடுநேரம் அமர்ந்தால் இடுப்பும் மணிக்கட்டும் நோகும். வாங்குமுன் கடைவாயிலில் மட்டும் ஓட்டிப் பாராமல், இயலுமாயின் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது நெடுஞ்சாலையில் நீர் தேங்கும். லாரிகள் வாரியிறைக்கும் சேற்றுநீர் கண்ணை மறைக்கும். இரவுப் பணி முடிந்து விடியலில் மீள்வோரைத் தூக்கம் வந்து தாக்கும். இத்தகைய நாள்களில் சொந்த ஊர்தியை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்வது கோழைமை ஆகாது, அறிவுடைமையே ஆகும்.

மேற்கூறியவற்றைச் சீர்தூக்கினால், காஞ்சிபுரத்துத் தொழிலாளர்க்கு ஏற்ற வழி புலப்படும். பணி நேரத்திற்குப் பேருந்து பொருந்துமாயின் அதுவே முதல் தேர்வு. பொருந்தாவிடின், நண்பரோடு கூடிச் செல்லும் கார் இரண்டாவது. இரண்டும் இயலாதவிடத்து, நல்ல தடையமைப்பும் பெரிய சக்கரமும் உடைய மோட்டார் சைக்கிளையோ, போதிய தொலைவு ஓடும் மின் ஸ்கூட்டரையோ வாங்கி, அளவான வேகத்தில் ஓட்டுதல் தகும். வேறொரு வழியில் செல்வார்க்கு விடை வேறாகலாம். கேட்கவேண்டிய வினாக்கள் மட்டும் மாறா.

ஊர்தி வாங்கியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. காலையில் புறப்படுமுன் டயரின் காற்று, தடை, விளக்குகள் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். தேய்ந்த டயரைக் காலத்தில் மாற்றுதல் வேண்டும். நாள்தோறும் ஒருவர் வீட்டை விட்டுப் புறப்படுவது பொருள் ஈட்டுதற்கு. அப்பொருளோ வீட்டில் உள்ளாரைக் காத்தற்கு. மாலையில் அவர் வரும் வழியை அவர்கள் பார்த்திருப்பர். ஆகவே, விரைவில் கொண்டுசேர்க்கும் ஊர்தியினும், நலமாக மீட்டுக் கொணரும் ஊர்தியே நெடுவழிக்கு ஏற்றதாகும்.