ஊரை வரைந்தவர்

இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. இவ்வூர்களிற் பிறந்த இளைஞர் பலர் கல்வியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். சென்ற இடத்தில் இரவு உறங்காது கிடக்கும்போது அவர்கள் நெஞ்சில் முதலில் தோன்றுவது யாது? வேலூர்க் கோட்டையன்று, அதனுள் விளங்கும் சலகண்டேசுவரர் கோயிலுமன்று. வைகறையில் ஒலிக்கும் தொழிற்கூடத்துச் சங்கு, வெயிலில் உலரும் தோல்களின் வாடை, அந்திப்பொழுதில் தாய் வாயிலில் நின்று அழைக்கும் குரல் ஆகியவையே. அயலார் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் அவ்வாடையும் ஊரைப் பிரிந்தவனுக்கு இனிதாகிவிடுகின்றது!

இவ்வாறு ஊரைப் பிரிந்த ஓவியர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். மார்க் சகால் என்பது அவர் பெயர். இன்றைய பெலரூசு நாட்டிலுள்ள வித்தெப்ஸ்க் நகரில் 1887ஆம் ஆண்டு எளிய குடும்பத்திற் பிறந்த அவர், 1910ஆம் ஆண்டு பாரிசு மாநகரை அடைந்தார். மறு ஆண்டில் அவர் தீட்டிய ‘நானும் ஊரும்’ என்னும் ஓவியத்தில் பாரிசின் மாளிகை ஒன்றேனும் இல்லை. பசுவின் முகமும், பால் கறக்கும் பெண்ணும், அரிவாளைத் தோளில் ஏந்திய உழவனும், தலைகீழாக நிற்கும் வீடுகளுமே அதில் உள்ளன. வீடு தலைகீழாக நிற்குமோ எனின், நினைவில் எதுவும் நிற்கும்.

நம் தமிழகத்திலும் பிறந்த ஊரைப் பிரிந்து, அதனையே வாழ்நாள் முழுதும் வரைந்த ஒருவர் வாழ்ந்தார். அவரே மனோகர் தேவதாஸ். 1936ஆம் ஆண்டு மதுரையிற் பிறந்த அவர், அங்குள்ள அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, மின்கலன் செய்யும் தொழிற்சாலையிற் பணியேற்றார். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓரிரவுப் பயணமே உண்டு. எனினும், பிரிவு காத தூரத்தால் அளக்கப்படுவதன்று.

ஓவியக் கலையை அவர் கல்லூரியிற் கற்றவர் அல்லர். நுண்ணிய முனையுடைய எழுதுகோலும் கறுப்பு மையுமே அவர் கருவிகள். சகால் வீட்டைத் தலைகீழாக்கினார். இவரோ ஓட்டுக் கூரையை வரைந்தால் ஓடுகளின் வரிசை பிறழாது வரைந்தார். அளவு பிழைபடலாகாது என்னும் வேதியியலாரின் கண்டிப்பு அவர் கோடுகளில் விளங்குகின்றது. மதுரைக் கோயிலின் கோபுரங்களை அவர் வரைந்துள்ளார், ஆனைமலையையும் வரைந்துள்ளார். ஆயினும், 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்னும் நூலே அவர் உள்ளத்தை நன்கு காட்டுவது. அஃது அவரே ஆங்கிலத்தில் எழுதிப் படங்களும் வரைந்த கதைநூல். ‘பசுங்கிணற்று ஆண்டுகள்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். அரசர் வரலாறு அதில் இல்லை. நகர்ப்புறத்துக் கிணறு ஒன்றில் நீந்திக் களித்த சிறுவர்களின் நட்பே அதன் பொருள். பத்தாண்டுகள் கழித்து, 2007இல், மதுரையைப் பற்றிய ஓவியங்களைத் தொகுத்து மற்றொரு நூலும் வெளியிட்டார்.

இவற்றை எவ்வாறு வரைந்தார் என்பதே வியப்புக்குரியது. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழியும் நோய் அவரைப் பற்றியிருந்தது. அதனை மருத்துவர் ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்பர். இந்நோயில் முதலில் இரவிற் பார்வை குன்றும். பின்னர்ப் பார்வையின் எல்லை நாற்புறமும் சுருங்கி, மூங்கிற் குழாயினூடே நோக்குவதுபோல் ஆகிவிடும். முழுக் கோபுரத்தை ஒரே நோக்கில் காணல் அரிது. ஒரு மாடம், ஒரு சுதையுருவம் எனத் துண்டு துண்டாகவே காணல் இயலும். மிகுந்த ஒளியையும் தடித்த கண்ணாடியையும் துணைக்கொண்டு, கண்ட துண்டுகளை நெஞ்சிற் சேர்த்துத் தாளில் இறக்கினார் அவர்.

துன்பம் தனித்து வரவில்லை. 1972ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் மனைவி மகேமா தோளுக்குக் கீழ் உணர்விழந்தார். அவ்வம்மையார் 2008இல் மறையும்வரை அருகிருந்து பேணியவர் கணவரே. அவர் வரைந்த படங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சிடப்பெற்று, அவற்றால் வந்த பொருள் அறப்பணிக்குச் சென்றது. 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அவர் காலமானார்.

அவர் சிறுவராயிருந்தபோது கண்ட மதுரை இன்று இல்லை. பாலாற்றங்கரையும் அவ்வாறே மாறிவிட்டது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புகள் வந்தன. கழிவு நீரால் ஆறும் கிணறுகளும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கழிவைத் தூய்மை செய்யாத தொழிற்கூடங்கள் இயங்கலாகாது என்று 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் அழியாது நிற்கும். கெடுவதற்கு முன் அவ்வாறு எவ்வாறு இருந்தது என்பதை அவ்வேடு காட்டாது. கோடையில் ஆற்று மணலைக் கையாற் பறித்து, ஊறிய நீரை அள்ளிப் பருகிய முதியோர் ஆம்பூர்ப் பக்கத்தில் இன்னும் உள்ளனர். எவ்வளவு ஆழம் பறித்தீர்கள் என்று கேட்டால், அவர்கள் முழங்கையைத் தொட்டுக் காட்டுவர்.