இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே ஒரு பாலம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள குளிர்பதனப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகள் பலவற்றை அதில் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக் காக்கிறார்கள். வெப்பநிலை இந்த எல்லையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் மருந்தின் வீரியம் குறையும்.

இத்தகைய பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரவு பத்து மணிக்கு ஒரு செவிலியர் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: “பெட்டி 9 டிகிரி காட்டுகிறது. ஏறிக்கொண்டே போகிறது.” செய்தி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி மென்பொருளை அடைகிறது. அங்கே அதற்கு 412 என்று ஓர் எண் இடப்படுகிறது. ஆனால் இரவுப் பணியில் உள்ள பொறியாளரோ அந்த மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கையிலுள்ள தொலைபேசியில் ஓடுவது, நிறுவனத்தார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் குழு உரையாடல் மென்பொருள். முன்னதில் விழுந்த செய்தியைப் பின்னதற்கு எடுத்துச் செல்வது யார்? அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

தனித்தனி வீடுகள்

வாடிக்கையாளர் உதவி மென்பொருளில் ஒவ்வொரு முறையீடும் ஒரு சீட்டு. அதற்கு எண் உண்டு. அவசரத்தின் அளவு உண்டு. முடிந்ததா, முடியவில்லையா என்ற நிலையும் உண்டு. 2007-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்த ஜென்டெஸ்க், 2010-இல் நம் சென்னையில் பிறந்த பிரெஷ்டெஸ்க் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

குழு உரையாடலுக்குப் பெயர் பெற்றது ஸ்லாக். இதன் கதை சுவையானது. கணிப்பொறி விளையாட்டு ஒன்றை உருவாக்கிய குழுவினர், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக ஒரு கருவியைச் செய்துகொண்டார்கள். விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது. பேசப் பயன்பட்ட கருவியோ மெருகேற்றப்பட்டு 2013-இல் ஸ்லாக் என்ற பெயரில் வெளிவந்தது!

இவை தனித்தனி வீடுகள் போன்றவை. ஒன்றின் உள்ளே இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வெளியாருக்கென ஒரு சன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஏபிஐ. உரிய அனுமதிச் சாவியுடன், உரிய முறையில் கேட்டால், சன்னல் வழியே தகவல் வரும். தகவலை உள்ளே கொடுக்கவும் முடியும். கொடுத்தது ஏற்கப்பட்டால் 200 என்ற எண் பதிலாக வரும். அளவுக்கு மீறி அடிக்கடி தட்டினால் 429 என்ற எண் வரும். ‘சற்றுப் பொறு’ என்பது அதன் பொருள்.

நிரல் எழுதாமல் இணைப்பது எப்படி?

முன்பெல்லாம் இரண்டு சன்னல்களை இணைக்க நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஜாப்பியர் போன்ற சேவைகள் இந்நிலையை மாற்றின. அவற்றில் பயனர் மூன்று கேள்விகளுக்கு விடை தந்தால் போதும்.

1. எது நடந்தால்? - உதவி மென்பொருளில் புதிய சீட்டு வந்தால். இது தூண்டல்.

2. எந்த நிபந்தனையில்? - அவசரம் ‘உயர்வு’ என்று இருந்தால் மட்டும். இது வடிகட்டி.

3. என்ன செய்ய வேண்டும்? - ‘இரவுப் பணி’ என்ற உரையாடல் அறையில் சீட்டின் எண்ணையும் தலைப்பையும் எழுத வேண்டும். இது செயல்.

இங்கே நிரலே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நிரலை வேறொருவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார். நாம் கட்டங்களை நிரப்புகிறோம், அவ்வளவுதான். ஆனால் சிந்திக்கும் வேலையை யாரும் நமக்காக முன்கூட்டியே செய்து வைக்கவில்லை.

போய்ப் பார்ப்பதும் மணி அடிப்பதும்

புதிய சீட்டு வந்தது பாலத்துக்கு எப்படித் தெரியும்? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கடிதம் வந்திருக்கிறதா என்று நாமே அடிக்கடி தபால் நிலையத்துக்குப் போய்க் கேட்பது ஒரு வழி. தபால்காரர் வீட்டு வாசலில் வந்து மணி அடிப்பது மற்றொரு வழி.

15 நிமிடத்துக்கு ஒரு முறை பாலம் போய்க் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 96 முறை கேட்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பும் நடைகள். இருந்தும் ஒரு செய்தி சராசரியாக ஏழரை நிமிடம் காத்துக் கிடக்கும்; சில வேளை முழுப் பதினைந்து நிமிடமும் ஆகும். மணி அடிக்கும் முறையில் சீட்டு விழுந்த சில நொடிகளில் செய்தி வந்துவிடும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர். நம் செவிலியருக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இரட்டைச் செய்தி

மணி அடித்தவர் பதில் குரலுக்காகக் காத்திருப்பார். குரல் கேட்காவிட்டால் மீண்டும் அடிப்பார். எடுத்துக்காட்டாக, ஸ்லாக் தன் நிகழ்வுச் செய்திகளுக்கு 3 நொடிக்குள் பதிலை எதிர்பார்க்கிறது. வராவிட்டால் மேலும் மூன்று முறை வரை முயல்கிறது. முதல் செய்தியே சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் என்ன ஆகும்? அதே செய்தி இரண்டாம் முறையும் வந்து சேரும். இதற்கு மருந்து எளிது. வந்த எண்களைக் குறித்து வைக்க வேண்டும். 412 முன்பே வந்துவிட்டதென்றால் மறுபடி எழுதக் கூடாது.

முடிவில்லா வட்டம்

இப்போது ஆசை பெருகுகிறது. பொறியாளர் உரையாடல் அறையில் எழுதும் பதிலும் சீட்டில் பதியட்டும் என்று இரண்டு விதிகள் வைக்கிறோம்.

விதி அ: சீட்டில் புதிய குறிப்பு வந்தால், அதை அறையில் எழுது.
விதி ஆ: அறையில் அந்தச் சீட்டைப் பற்றி யாராவது எழுதினால், அதைச் சீட்டில் குறிப்பாகச் சேர்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல விதிகளே. பொறியாளர் “புறப்பட்டுவிட்டேன்” என்று எழுதுகிறார். விதி ஆ அதைச் சீட்டில் சேர்க்கிறது. சீட்டில் புதிய குறிப்பு! உடனே விதி அ அதை அறையில் எழுதுகிறது. அறையில் புதிய செய்தி! உடனே விதி ஆ... ஒரு சுற்றுக்கு 2 நொடி என்றால் ஒரு மணி நேரத்தில் 1,800 “புறப்பட்டுவிட்டேன்”கள். காலைக்குள், அதாவது 8 மணி நேரத்தில், 14,400. இடையே வேறொரு நிலையத்திலிருந்து உண்மையான முறையீடு வந்தால் அது இந்தக் குப்பையில் புதைந்து போகும்.

பாலம் எழுதும் ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் வைத்து, அந்த அடையாளம் உள்ளதைப் பாலம் மறுபடி சுமக்கக் கூடாது என்று விதித்தால் வட்டம் அறுபடும். தானாகப் பதில் எழுதும் மின்னஞ்சல்கள் ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே இருந்த தொல்லைக்கும் இதே வகைத் தீர்வுதான் 2004-இல் பரிந்துரைக்கப்பட்டது.

அமைதி நல்லதா?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஓசையே இல்லாதது. அனுமதிச் சாவி காலாவதியாகலாம். ‘உயர்வு’ என்ற சொல்லை யாரோ ‘மிக அவசரம்’ என்று மாற்றியிருக்கலாம். வடிகட்டி பழைய சொல்லையே தேடிக்கொண்டிருக்கும். பாலம் உடைந்திருக்கும், அறையிலோ அமைதி நிலவும். முறையீடே இல்லாத இரவும் பாலம் உடைந்த இரவும் பொறியாளருக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே, பணி தொடங்கும் வேளையில் தினமும் ஒரு சோதனைச் சீட்டு அனுப்ப வேண்டும். அது அறையில் தோன்றினால் பாலம் நலம். தோன்றாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். நாடி பார்ப்பது போன்ற வேலை இது.

பாலத்தில் தேவையானதை மட்டும் ஏற்றுவதும் முக்கியம். பொறியாளருக்கு வேண்டியவை சீட்டு எண், இடம், வெப்பநிலை ஆகியவை. முறையிட்டவரின் சொந்த விவரங்களை அறையில் உள்ள அனைவரும் படிக்க வேண்டிய தேவையில்லை.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. மூன்று மாணவர்களும் சில துண்டுத் தாள்களும் போதும். ஒருவர் ‘சீட்டு’, ஒருவர் ‘அறை’, நடுவில் இருப்பவர் ‘பாலம்’. விதி அ, விதி ஆ இரண்டையும் பாலம் அப்படியே பின்பற்றட்டும். அறை ஒரே ஒரு செய்தி எழுதட்டும். ஐந்து நிமிடத்தில் எத்தனை தாள்கள் சேர்ந்தன என்று எண்ணுங்கள். பிறகு, பாலம் தான் எழுதும் தாள்களில் மட்டும் ஒரு மூலையில் ‘பா’ என்று குறிக்கட்டும். ‘பா’ உள்ள தாளைத் தொடக் கூடாது என்று விதி வையுங்கள். இப்போது எத்தனை தாள்கள்?

சிந்திக்க

1. 5 நிமிடத்துக்கு ஒரு முறை போய்க் கேட்டால் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்க வேண்டும்? சராசரித் தாமதம் எவ்வளவு?

2. செவிலியர் அவசரத்தைக் குறிக்க மறந்துவிட்டார். நம் வடிகட்டி அந்தச் சீட்டை என்ன செய்யும்? அது தவறாமல் அறையை அடைய, நிபந்தனையை எப்படி மாற்றி எழுதுவீர்கள்?

இரண்டாம் கேள்விக்கு விடை காண அவசரப்பட வேண்டாம். பெட்டிக்குள் இருப்பது குழந்தைகளுக்கான மருந்து என்பதை நினைவில் கொண்டு யோசியுங்கள்.