தீபாவளி முற்பணம்: கையெழுத்துப் போடுமுன் பனிக்காலத்தை நினையுங்கள்

இந்த வருஷம், 2026இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளமோ 10ஆம் திகதி. ஒக்டோபரில் எடுத்த கொழுந்துக்கான காசு பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அதனால் இந்த முறை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவது முழுக்க முழுக்க முற்பணத்தை நம்பித்தான். நல்லதண்ணியிலும் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலும் முற்பணப் பேச்சு எழும் நேரம் இது. குடும்பத்தோடு உட்கார்ந்து இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். புடவைக்கடையில் நின்றுகொண்டு போடமுடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முற்பணத்தை வாங்காதீர்கள் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. மலையில் நமக்குக் கிடைக்கும் கடன்களில் வட்டியே இல்லாதது இது ஒன்றுதான். தொகை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சில இடங்களில் வருகை நாளையும் பார்ப்பார்கள். கணக்குக்காக 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்தில் கழித்தால் மாதம் 2,000. அதே 20,000த்தை வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டுமே மாதம் 2,000. கையை விட்டுப் போகும் காசு இரண்டிலும் ஒன்றுதான். பத்து மாதம் போனால் முற்பணம் தீர்ந்திருக்கும். வட்டிக்காரரிடம் வாங்கிய முதல் அப்படியே நிற்கும்.

ஆகவே என் முதல் யோசனை பலருக்குப் பிடிக்காது. அடகும் வாரக்கடனும் உள்ள வீடு, முற்பணத்தில் பாதியையாவது அங்கே கொண்டுபோய்க் கட்டட்டும். நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று 2018இல் மத்திய வங்கி உச்ச வரம்பு வைக்கவேண்டி வந்தது. வரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். வட்டியில்லாக் காசைக் கொண்டு வட்டிக் கடனை அடைப்பதுதான் முற்பணத்தின் முழுப் பயன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உடுப்பு, வீட்டுக்குப் பலகாரம், மிச்சம் அடகுக்கடைக்கு. பெரியவர்களுக்குப் புதுத்துணி தைப்பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பனிக்காலம். முற்பணக் கழிவு தீபாவளிக்குப் பிறகு தொடங்கி, ஜனவரி, பெப்ரவரி, மார்ச் வழியாக ஓடும். அந்த மூன்று மாதமும் இங்கே எப்படி என்று உங்களுக்கே தெரியும். பகலில் காய்ச்சல் வெயில், இராத்திரியில் பனி, செடியில் கொழுந்து இல்லை. எடை வராத நாளில் அரைப்பேர். கைக்காசு வேலையும் இல்லை. பிள்ளைகளுக்குப் புது வகுப்பு, கொப்பி, சப்பாத்து எல்லாம் அதே ஜனவரியில். சம்பளம் குறையும், கழிவு குறையாது.

போன மாசி மாதம் எங்கள் லயத்து அக்கா ஒருவர் சம்பளச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து, “இத வாசிச்சுச் சொல்லு தம்பி, எங்க போச்சு காசு?” என்றார். விறகுப்புகையில் சீட்டின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினோம்: ஈபிஎஃப், சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணம், இன்னொரு பழைய முற்பணம். அந்தப் பழையதை எப்போது வாங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. கடைசி வரியில் நின்ற தொகை ஒரு மூட்டை மாவுக்கும் கொஞ்சம் பருப்புக்கும்தான் காணும். அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் கையெழுத்துப் போடுமுன் கணக்கப்பிள்ளையிடமோ ஆபிஸிலோ மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மாதத்தில் கழிப்பீர்கள், எந்த மாதச் சம்பளத்தில் தொடங்கும், பேர் குறைந்த மாதத்தில் என்ன செய்வீர்கள். பதிலை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். பனி மாதங்களில் பாதி கழித்து, கொழுந்து வெடிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டிக் கழிக்கச் சொல்லித் தோட்டத் தலைவர்மார் இப்போதே துரையிடம் பேசலாம். கேட்பதில் குற்றமில்லை. பிரசவ லீவில் போக இருப்பவர்களும், அடுத்த வருஷம் வேலையை விட்டு நிற்க இருப்பவர்களும், மிச்சத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணத்தோடுதான் நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டினார்கள். அந்தக் கடனைத் ‘துண்டு’ எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். ஆளும் கடனோடு கைமாறினான். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்றைய முற்பணம் அதுபோல இல்லை. ஆனாலும் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் கடன்படும் பழக்கம் மட்டும் நம்மைவிட்டு முழுதாகப் போகவில்லை.

வட்டியில்லாத காசு வேறு இடங்களிலும் உண்டு. சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக்குப் போன நம் சொந்தங்கள் பேசும்போது அங்குள்ள பயிர்க்கடனைப் பற்றிச் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் விவசாயி தவணை நாளுக்குள் கட்டிவிட்டால் வட்டியை அரசாங்கம் ஏற்கும். தவறினால் வட்டி விழும். கனடாவிலும் விவசாயிகள் விளைச்சலைக் காட்டி முற்பணம் வாங்கலாம். அதில் ஒரு பகுதிக்கு வட்டியை அரசாங்கமே கட்டுகிறது. இங்கே அரசாங்க உத்தியோகத்தருக்குப் பண்டிகை முற்பணம் நெடுங்காலமாக உண்டு. லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் போஞ்சியும் போடும் நம் ஆட்களுக்கு விதைக்கும் உரத்துக்கும் அப்படியொரு காசு இல்லை; மரக்கறி முதலாளி தருவதுதான் முற்பணம், அவர் சொல்வதுதான் விலை. தீபாவளிக் காசில் மூவாயிரமோ நாலாயிரமோ விதைக்கு ஒதுக்கினால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும்.

டிசம்பர் உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கும். வெசாக் வரை நல்லதண்ணி இரவிலும் தூங்காது. தேத்தண்ணி, ரொட்டி, கம்பளித் தொப்பி என்று சின்னதாக யாவாரம் பார்க்கும் வீடுகள் முற்பணத்தில் ஒரு பங்கைச் சரக்குக்கு எடுத்துவைக்கலாம். போட்ட காசு திரும்பி வரும் வழி இது. பட்டாசில் போட்டது வராது.

கடைசியாக, பண்டிகைக்குப் பிறகு பெரட்டுக்குப் போவதைப் பற்றி. 2026 வரவு செலவுத் திட்டப்படி ஜனவரியிலிருந்து அடிப்படை நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550. அதற்குமேல் வருகைக்காக அரசாங்கம் தருவது 200. ஒரு நாள் நின்றால் 1,750 போச்சு. தீபாவளிக் களைப்பில் நாலு நாள் லயத்தில் இருந்தால் 7,000. மேலே போட்ட கணக்கில் அது மூன்றரை மாதக் கழிவு.

நவம்பர் 10 சம்பளச் சீட்டையும் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு சீட்டையும் கிழிக்காமல் ஒரு ஊசியில் கோத்து வையுங்கள். பத்தாவது கழிவுக்குப் பிறகும் அந்த வரி இருந்தால், சீட்டுகளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆபிஸுக்குப் போங்கள்.